டீ கொடுப்பவர்களுக்கு முகப்பதிவு கிடையாது

பேசி முடிப்பதற்குள் வீடியோ கைக்கு வந்துவிட வேண்டும் என்று முதன்முதலில் கேட்ட ஆளை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும். பார்த்து, எதற்கு ஐயா உனக்கு இத்தனை அவசரம் என்று கேட்க வேண்டும். அவர் பதில் சொல்லும்போது பாதியில் எழுந்து போய்விட வேண்டும்.

என் பெயர் சலோமி. கோயம்புத்தூரில் வியாபார மாநாடுகளை வீடியோ எடுத்து, வெட்டி ஒட்டிக் கொடுப்பது என் தொழில். நான் வேலைக்குச் சேர்ந்தபோது மாநாடு முடிந்து ஒரு வாரத்தில் வீடியோ கொடுத்தால் கைகொடுத்துப் பாராட்டுவார்கள். பிறகு மறுநாள் காலையில் வேண்டும் என்றார்கள். பிறகு அன்றைய விருந்துக்குள். பிறகு மத்தியானச் சாப்பாட்டுக்குள். கடைசியில், பேச்சாளர் மேடைப் படி இறங்கும்போது அவர் பேச்சு அவர் போனில் வந்து நிற்க வேண்டும் என்று ஆனது. நாங்கள் சோறு தண்ணி இல்லாமல், ஒன்றுக்குக்கூடப் போகாமல் வெட்டினோம். அதுவும் போதவில்லை.

அப்போதுதான் என் முதலாளி திருமூர்த்தி 'உடனடி' என்ற மென்பொருளை வாங்கி வந்தார். பெண் பார்த்து முடித்துவிட்டு வந்தவர் போல அவர் முகம் பளபளத்தது.

"இனிமே எடிட்டிங்கே கெடையாது சலோமி. பேசப் போறத முன்கூட்டியே எழுதி வாங்கிக்கறோம். வாசல்ல முகத்தையும் குரலையும் பதிவு பண்ணிக்கறோம். அவங்க மேடை ஏறையிலேயே வீடியோ பாதி ரெடி."

"அப்பறம் கேமரா எதுக்குங்ண்ணா?"

"சேலை என்ன கலரு, கைய எப்பத் தூக்கறாங்கன்னு உடனடி பாத்துக்கணுமல்ல."

"எழுதிக் குடுத்தத விட்டுட்டு வேற பேசினாங்கன்னா?"

"தடுமாறினா உடனடி தாங்கிப் பிடிச்சுக்கும். எழுதினபடியே அவங்க முகத்துல, அவங்க குரல்ல பேசி முடிச்சிரும். மேடை ஏறினதும் ஒளறிக் கொட்டறவங்க எத்தன பேரு! அவங்களுக்கெல்லாம் இது புண்ணியம்."

புண்ணியம் என்ற வார்த்தையை அவர் வாயால் கேட்டபோதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உடனடியின் நடைமுறை இப்படி. வாசலில் விருந்தினர்களின் முகத்தைப் பதிவு செய்து, கழுத்தில் ஓர் அட்டையை மாட்டிவிடுவோம். அந்த அட்டையைப் பார்த்து, இது இன்னார் என்று உடனடி கண்டுகொள்ளும். பதிவான முகத்தை எடுத்து, வியர்வையைத் துடைத்து, சிரிப்பைக் கூட்டி, அந்த உடம்பில் பொருத்தும். தூங்குகிறவரை விழிக்க வைக்கும். முறைக்கிறவரைத் தலையாட்ட வைக்கும். அட்டை இல்லாத ஆளை மட்டும் அது தொடாது. சம்மதம் வாங்காத முகத்தில் கைவைக்கக் கூடாது என்று சட்டத்தில் அந்த ஒரு வரியாவது மிச்சம் இருந்தது. டீ கொடுப்பவர்கள், தட்டு எடுப்பவர்கள், கூட்டிப் பெருக்குகிறவர்கள் இவர்களுக்கெல்லாம் யார் சம்மதம் வாங்கப் போகிறார்கள்? அவர்கள் சுவரோரம் எப்படி நின்றார்களோ அப்படியே வீடியோவில் நிற்பார்கள்.

ஒரே முகம் இரண்டு தடவை பதிவானால் உடனடி நின்று கேள்வி கேட்கும். ஒரு மாநாட்டுக்கு இரட்டையர்களான இரண்டு நூல் வியாபாரிகள் வந்து, அந்தக் கேள்வியால் வாசலில் வரிசை தேங்கிவிட்டது. "அந்தச் சோதனையத் தூக்கியெறி. வேகம்தான் நமக்குச் சோறு போடுது" என்றார் திருமூர்த்தி. தூக்கிவிட்டேன்.

சாயப்பட்டறை முதலாளிகளின் மாநாடு வந்தது. துணி வாங்க ஏழெட்டு நாடுகளிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். சங்கத் தலைவர் குழந்தைவேல். நீலவேணி சாயப்பட்டறையின் சொந்தக்காரர். அவர் கைகூப்பி நிற்கும் ஃபிளெக்ஸ் வாசலில் ஆளை விட உயரமாக இருந்தது. அரங்கத்தில் ஒலிபெருக்கி கிடையாது. ஒவ்வொருவரும் அவரவர் மொழியில் கேட்பதற்காக எல்லோருக்கும் இரண்டு காதையும் அடைக்கும் கருவி. உள்ளூர்க்காரர்களுக்கும் அதே கருவிதான், தமிழில். மேடையில் பேசுவது நேராக அந்தக் காதுகளுக்குப் போகாது. உடனடிக்குப் போகும். உடனடி சொல்வதுதான் காதுக்குப் போகும். மேடைக்குப் பின்னால் இருக்கும் பெரிய திரையிலும் அதுதான் ஓடும். கீழே சின்னதாக நிற்கும் நிஜ ஆளை ஒருவரும் பார்ப்பதில்லை.

அன்று மூன்றாவதாகப் பேச வந்தவர் நவமணி. நீலவேணியின் பாதுகாப்பு அதிகாரி. நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். எழுதிக் கொடுத்திருந்த பேச்சை நான் காலையிலேயே ஏற்றிவிட்டேன். 'எங்கள் தொட்டிகள் நூற்றுக்கு நூறு பாதுகாப்பானவை' என்று அதில் ஒரு வரி. அங்கே கைதட்டல் என்று குறித்திருந்தது. காதுக்குள் கைதட்டும் ஓசையைப் போட்டால் மனிதர்கள் தாங்களாகவே தட்டுவார்கள். அதே நேரத்தில் உடனடி அரங்கம் முழுவதையும் ஒரு தடவை திரையில் காட்டும். எல்லா மாநாட்டிலும் இதே கதைதான்.

எனக்கு ஒரு பழக்கம். வேலை செய்யும்போது ஹெட்போனை ஒரு காதில்தான் வைப்பேன். மற்றக் காது திறந்திருக்கும். அன்று மாட்டிய காதில் நவமணியின் குரல் பட்டுப் போல வழுக்கிக்கொண்டு போனது. திறந்த காதில் அதே குரல் உடைந்து கேட்டது. எனக்கு முன்னால் மஞ்சள் விளக்கு எரிந்தது. பேச்சாளர் தடுமாறுகிறார் என்று அதற்கு அர்த்தம்.

நான் ஹெட்போனைக் கழற்றினேன்.

"நான் எழுதிக் குடுத்ததப் படிக்கப் போறதில்லீங்க. எங்க மூணாவது யூனிட் கழிவுத் தொட்டியில இன்னிக்கு மத்தியானம் ஆளுங்கள எறக்கப் போறாங்க. நாளைக்கு நீங்க பாக்க வர்றீங்கன்னு அவசரமா கழுவறாங்க. உள்ள விஷவாயு இருக்கு. அளக்கற மீட்டர் ரிப்பேராகி மாசக்கணக்காச்சு. எறங்கினா ஒருத்தரும் உசுரோட ஏற மாட்டாங்க. நிர்வாகத்துக்கிட்டச் சொன்னேன், கேக்கல. அதிகாரிங்களுக்குப் போன் பண்ணினேன், எடுக்கல. துணி வாங்கற நீங்க இப்ப எந்திரிச்சு வேண்டாம்னு சொன்னாத்தான் நிறுத்துவாங்க. கும்பிட்டுக் கேக்கறேன்."

திரையில் நவமணி சிரித்துக்கொண்டே, எங்கள் தொட்டிகள் நூற்றுக்கு நூறு பாதுகாப்பானவை என்றார்.

அரங்கம் கைதட்டியது. சில வெள்ளைக்காரர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். குழந்தைவேலும் தட்டினார். அவர் காதிலும் கருவிதான்.

"அண்ணா, மைக்கைத் தெறந்து விடுங்க! அந்தம்மா சொல்றது ஒருத்தருக்கும் போகல!" என்று கத்தினேன். நேரடிக் குரலைக் காதுகளுக்குத் திருப்பும் பொத்தானில் கை வைத்தேன். திருமூர்த்தி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"பைத்தியமா உனக்கு? வீடியோ எல்லாரு போனுக்கும் போயிட்டே இருக்குது. நடுவுல மாத்தினா பொழப்பு நாறிப் போயிரும்."

"ஆளு சாகப் போறாங்கங்ண்ணா!"

"அது அவங்க கம்பெனி விவகாரம். நாம வீடியோ எடுக்க வந்தமா, ஊரத் திருத்த வந்தமா?"

நான் கையை உதறி விடுபட்டபோது நவமணி மேடையை விட்டு இறங்கிவிட்டிருந்தார்.

இறங்கிய இடத்தில் அவரைச் சுற்றிக் கூட்டம். ஒருவர் மாற்றி ஒருவர் கைகுலுக்கினார்கள். ஒரு வெளிநாட்டு அம்மாள் அவரைக் கட்டிக்கொண்டார். நவமணி அழுதார். அந்த அழுகையில் ஒரு நிம்மதி இருந்ததைப் பார்த்தேன். எல்லோரும் கேட்டுவிட்டார்கள், வேலை போனாலும் போகட்டும், ஆட்கள் பிழைத்தார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அவர் கையைப் பிடித்து மேடைக்குப் பின்னால் இழுத்துப் போனேன்.

"மேடம், நீங்க பேசினது யாருக்கும் கேக்கல."

"என்னம்மா சொல்றே? எந்திரிச்சு நின்னு தட்டினாங்களே."

என் போனில் வீடியோவைக் காட்டினேன். அது எப்போதோ வந்துவிட்டது. அதுதானே எங்கள் பெருமை. நவமணி தன் முகம் சிரிப்பதைப் பார்த்தார். தன் குரல் சொல்வதைக் கேட்டார். முகம் வெளிறிப் போனது. அடுத்த கணம் போனைத் தூக்கிச் சுவரில் அடித்தார். என் போன்தான். பரவாயில்லை என்று தோன்றியது.

"ஆரு இது? என்ற வாயில ஆரு பேசறா?" என்று கேட்டார். "மணி என்ன இப்ப? எறக்கியிருப்பாங்களா?"

இருவரும் பின்வாசல் வழியாக ஓடினோம். அங்கே ஏற்கெனவே ஒருத்தி போனில் அலறிக்கொண்டிருந்தாள். கேட்டரிங் சேலை கட்டிய பெண். பெயர் மரகதம் என்று பிறகுதான் தெரியும்.

"எறங்காதீங்கன்னு சொல்றனல்லொ! காண்ட்ராக்டர் அடிச்சாலும் சரி, எறங்காதீங்க! எல்லாத்தையும் கூட்டீட்டு ரோட்டுக்கு வாங்க!"

எங்கள் ஊரில் தொட்டி கழுவ ஆள் அனுப்புகிற அதே காண்ட்ராக்டர்தான் மாநாட்டுக்கு டீ கொடுக்கவும் ஆள் அனுப்புகிறார். ஆண்களை அங்கே, பெண்களை இங்கே. மரகதத்தின் கொழுந்தன் தொட்டி மூடியைத் திறந்துகொண்டிருந்தான். அரங்கத்தில் காதுக்கருவி இல்லாத ஆட்கள் என்று பார்த்தால் என்னுடைய ஒரு காது, பிறகு அந்தப் பெண்கள். நவமணியை நிஜமாகக் கேட்டது அவ்வளவு பேர்தான்.

"நீங்கதானுங் பேசினது?" என்றாள் மரகதம், நவமணியைப் பார்த்து. "ஒருத்தரும் எறங்கலீங். ரோட்டுல நிக்கறாங்க."

நவமணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதவே மாட்டேன்.

ரோட்டில் ஆட்கள் திரண்டு நின்றதால் விஷயம் பெரிதாகிவிட்டது. தீயணைப்புத் துறை வந்து அளந்து பார்த்து, தொட்டியைச் சுற்றிக் கயிறு கட்டியது. வெளிநாட்டுக்காரர்கள் கேள்வி கேட்டார்கள். சாயங்காலம் குழந்தைவேல் எங்கள் அலுவலகத்துக்கே வந்தார். திருமூர்த்தியோடு கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். வெளியே வந்தபோது இருவர் முகத்திலும் தெளிவு.

"மாநாட்டு வீடியோவுல தலைவரோட நன்றியுரைய மட்டும் உடனடியில புதுசா ஓட்டணும்" என்றார் திருமூர்த்தி. "நான் ஓட்ட மாட்டேன்" என்றேன். "நீ தேவையேயில்ல" என்று அவரே ஓட்டினார். பொத்தானை அழுத்தக் குழந்தைகூடப் போதும் என்றுதானே அதை வாங்கினார்.

புது வீடியோவில் நவமணி எல்லாம் பாதுகாப்பு என்று சிரித்தபடி சொல்கிறார். கடைசியில் குழந்தைவேல் எழுந்து, 'எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, எங்கள் தொட்டியில் இன்று யாரும் இறங்கக் கூடாது என்று இந்த மேடையிலேயே உத்தரவிடுகிறேன்' என்கிறார். கண் கலங்குகிறது அவருக்கு. அரங்கமே எழுந்து நிற்கிறது. ராத்திரிக்குள் எல்லோர் போனிலும் அது போய்ச் சேர்ந்தது. எனக்கு அதைவிட அசிங்கமாக இருந்தது மறுநாள் நடந்ததுதான். அரங்கத்தில் உட்கார்ந்திருந்த உள்ளூர் முதலாளிகள் ஒவ்வொருவரும், ஆமாம், தலைவர் அப்படித்தான் சொன்னார், நாங்கள் காதாரக் கேட்டோம் என்றார்கள். சிலர் பொய் சொன்னார்கள். சிலர் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார்கள். இந்த இரண்டாவது ரகத்தை நினைத்தால்தான் எனக்கு இன்னும் கோபம் தணிய மாட்டேன் என்கிறது.

தவறான உறுதிமொழி கொடுத்தார் என்று நவமணியை இடைநீக்கம் செய்தார்கள்.

நான் அவர் வீட்டுக்குப் போனேன். "ஆளுங்க பொழச்சாங்களே மேடம், அதை நெனச்சு ஆறுதல் பட்டுக்கங்க" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

"எப்படிம்மா ஆறுதல் படறது?" என்று சீறினார். "அடுத்த தொட்டிய ஆரு நிறுத்துவா? நாளைக்கு நான் போய் எறங்காதீங்கன்னு சொன்னா, நீதானே பாதுகாப்புன்னு சொன்னவன்னு சிரிப்பாங்க. என்ற பேச்சுக்கு இருந்த மதிப்பத் திருடீட்டாங்க. அது இல்லாம இந்த வேலைய எப்படிச் செய்யறது?"

தொழிற்சாலை ஆய்வாளர் விசாரணை வைத்தார். களைத்துப் போன மனிதர். மேசையில் நீலவேணியின் வக்கீல் கொண்டுவந்து வைத்த வீடியோ, ஓரத்தில் அந்த வக்கீல், எதிரே நவமணி, பக்கத்தில் நான். பின்னால் மரகதமும் அவளோடு டீ கொடுத்த பெண்களும் நின்றார்கள். உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை.

"வீடியோவுல தெளிவா இருக்கேம்மா" என்றார் ஆய்வாளர். "இவங்க வாய்ச் சாட்சிய வச்சு நான் என்ன பண்றது?"

"சார், அதையே போடுங்க. ஆனா சத்தத்தை அணைச்சுட்டு, மேடையைப் பாக்காதீங்க. சுவரோரம் பாருங்க" என்றேன்.

அவர் போட்டார். நவமணி உதட்டை அசைத்துச் சிரிக்கிறார். அரங்கம் முழுவதும் திரையில் வருகிறது. விருந்தினர்கள் தட்டுகிறார்கள். சுவரோரம் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொள்கிறாள். மரகதம் தட்டைக் கீழே போட்டுவிட்டு, இடுப்பில் செருகியிருந்த போனை உருவியபடி கதவைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறாள். உடைந்த கோப்பைகள் தரையில் கிடக்கின்றன. நவமணி இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

"பாதுகாப்பா இருக்குன்னு சொன்னதைக் கேட்டா இவங்க ஓடுறாங்க?" என்றேன். "முதலாளி எச்சரிக்கை பண்றது கடைசியில சார். அதுக்குள்ள இந்தம்மா போன் பேசி முடிச்சாச்சு."

வக்கீல் தொண்டையைச் செருமினார். "வீட்டு ஞாபகம் ஏதாச்சும் வந்திருக்கலாங்க."

"எல்லாத்துக்கும் ஒரே நேரத்துலயா?" என்று கேட்டார் ஆய்வாளர். மறுபடி போட்டுப் பார்த்தார். மூன்றாவது தடவை பார்த்துவிட்டு, பின்னால் திரும்பி, "நாற்காலி எடுத்துப் போட்டு உக்காருங்கம்மா" என்றார்.

நவமணியின் இடைநீக்கம் ரத்தானது. குழந்தைவேலிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் போனது. தொழில்நுட்பக் கோளாறு என்று அவர் பதில் எழுதினார். அதோடு சரி. சங்கத் தலைவர் பதவிகூடப் போகவில்லை. என்னையும் யாரும் வேலையை விட்டு அனுப்பவில்லை. திருமூர்த்திக்கு நல்ல மனசு என்று நினைத்துவிட வேண்டாம். அதே சங்கத்தின் அடுத்த மாநாடு தலைக்கு மேல் நின்றது, வாசல் பதிவு முதல் கடைசி வரை பார்த்துக்கொள்ள அவரிடம் வேறு ஆள் இல்லை.

அந்த மாநாட்டுக்குக் காலையில் அவர் என்னைக் கூப்பிட்டு ஒரு கட்டு அட்டைகளைக் கொடுத்தார்.

"இனிமே டீ குடுக்கறவங்களுக்கும் முகப்பதிவு. சம்மதப் பத்திரத்துல காண்ட்ராக்டர் மொத்தமாக் கையெழுத்துப் போட்டுட்டார். ஒருத்தர் விடாமப் பதிவு பண்ணி மாட்டி விட்டுரு. சுவத்தோரம் நிக்கறவங்களும் இனிச் சிரிச்ச முகமா இருப்பாங்க."

அவர் எனக்குக் கொடுத்த பதில் அதுதான். தப்பு நடந்த இடத்தைக் கண்டுபிடித்து அடைத்துவிட்டார்.

வாசலில் பெண்கள் வரிசையாக வந்தார்கள். முதலில் மரகதம். என் கையிலிருந்த பதிவுக் கருவியை முறைத்தாள்.

"எதுக்குங்க்கா எங்க மூஞ்சியெல்லாம்?"

"சொல்றேன். கொஞ்சம் தள்ளி நில்லு."

அவள் பின்னால் குழந்தைவேலின் ஃபிளெக்ஸ். அதே கைகூப்பல், அதே மீசை, புதுக் கோட்டு. நான் கருவியை உயர்த்தி, அந்த முகத்தைக் கட்டத்துக்குள் கொண்டுவந்து அழுத்தினேன். பதிவு வெற்றி என்று காட்டியது. அந்த முகம் ஏறிய அட்டையை மரகதத்தின் கழுத்தில் மாட்டினேன். மறுபடி உயர்த்தினேன், அழுத்தினேன், அடுத்தவளுக்கு மாட்டினேன். கருவி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்கிற சோதனையைத்தான் வேகத்துக்காகத் தூக்கியெறியச் சொன்னாரே.

மரகதம் திரும்பி ஃபிளெக்ஸைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள், தோள் குலுங்கியது.

இப்போது மாநாடு தொடங்கிவிட்டது. மேடையில் குழந்தைவேல், எல்லோர் காதிலும் கருவி. சுவரோரம் பெண்கள் தட்டுகளோடு நிற்கிறார்கள். உடனடி அவர்கள் ஒவ்வொருவர் கழுத்திலும் அட்டையைப் படித்திருக்கும். முதல் கைதட்டலுக்கு அரங்கம் முழுவதையும் பெரிய திரையில் காட்டும், அதே கணம் எல்லோர் போனுக்கும் அனுப்பிவிடும். நடுவில் பார்த்துத் திருத்த யாருக்கும் நேரம் கிடையாது. பக்கத்தில் திருமூர்த்தி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன், வழக்கம்போல ஒரு காதில்தான். மற்றதைத் திறந்து வைத்துக்கொண்டு, முதலில் சிரிக்கப் போவது யார் என்று கேட்கக் காத்திருக்கிறேன்.